தலைவரியும் வருமான வரியும்: புலம்பெயர்ந்த தொழிலாளி அரசின் கணக்கிற் பெற்ற இடம்

ஓர் அரசு தன் எல்லைக்குள் வாழ்வோரை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிவதற்கு அதன் அரசியலமைப்பை மட்டும் நோக்குவது போதாது. அதன் வரிச் சட்டங்களையும் நோக்குதல் வேண்டும். ஒருவருக்கு எவ்வெவ் உரிமைகள் உண்டென்பதை அரசியலமைப்புக் கூறும். அவர் எத்தகைய ஆளாகக் கணக்கிடப்படுகின்றார் என்பதை வரிச் சட்டமே கூறும். பிறந்த நாட்டிலேயே தொழில் புரிபவருக்கு இக்கணக்குப் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வேற்று நாட்டுக்குத் தொழில் தேடிச் சென்றவருக்கோ அது முதற் சம்பளத்திலேயே புலப்பட்டுவிடுகின்றது. பேசிய சம்பளம் ஒன்றாகவும் கைக்கு வந்த சம்பளம் வேறொன்றாகவும் இருப்பதைக் கண்டு, இடையிலுள்ள தொகை எங்கே சென்றது, எந்த அளவுகோலின்படி சென்றது, அதில் எப்பங்கு திரும்பி வரும் என்ற வினாக்களை அவர் எழுப்புகின்றார். இவ்வினாக்களுக்கு ஒரு வரலாறு உண்டு.

அவ்வரலாற்றில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு நிலைகள் உள. நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள்மீது 1895இல் விதிக்கப்பட்ட மூன்று பவுண் வரி முதலாவது நிலைக்கு எடுத்துக்காட்டாகும். பிரித்தானியாவில் 1944இல் நடைமுறைக்கு வந்து, பின்னர் அங்கு குடியேறிய பொதுநலவாய நாட்டுத் தொழிலாளரையும் தழுவிக்கொண்ட, சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் வருமான வரி இரண்டாவது நிலைக்கு எடுத்துக்காட்டாகும். முன்னையது தொழிலாளியை ஓர் உடம்பாக எண்ணியது. பின்னையது அவரை ஒரு வருமானமாக எண்ணியது. இம்மாற்றம் சிறிய முன்னேற்றமன்று. எனினும், புலம்பெயர்ந்தவரைக் குடும்பத்தோடு கூடிய மனிதராக எண்ணுவதில் வருமான வரியும் தயங்கி நின்றது என்பதை வரலாறு காட்டுகின்றது.

நேட்டால்: உடம்பின்மேல் விதித்த வரி

சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16இல் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். முதலாம் ஆண்டில் மாதம் 10 ஷிலிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷிலிங் வீதம் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் அது 14 ஷிலிங் ஆகும். உணவும் உறையுளும் தோட்ட உரிமையாளரின் பொறுப்பு.

கரும்புத் தோட்டங்களுக்கு இவர்களது உழைப்புத் தேவைப்பட்டது. ஆனால் ஒப்பந்தம் முடிந்தபின் இவர்கள் சுதந்திர மனிதராக அங்கு தங்கி, காய்கறி பயிரிட்டு, சிறு வணிகஞ் செய்து வாழ்வதைக் குடியேறிய வெள்ளையர் விரும்பவில்லை. உழைப்பு வேண்டும், உழைப்பாளி வேண்டாம் என்பதே அவர்களின் நிலைப்பாடு. நேட்டால் 1893இல் பொறுப்பாட்சி பெற்றபின் இந்நிலைப்பாடு சட்ட வடிவம் எடுத்தது. ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாதவரும் மீண்டும் ஒப்பந்தத்தில் இணையாதவரும் ஆண்டுதோறும் 25 பவுண் செலுத்த வேண்டும் என்று முதலிற் கருதப்பட்டது. இந்திய அரசின் இணக்கத்தைப் பெறும் பொருட்டு இத்தொகை மூன்று பவுணாகக் குறைக்கப்பட்டது. அவ்வாறே 1895ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் தோன்றியது. 1903இல் இவ்வரி பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பதினாறு வயதை அடைந்த ஆண்பிள்ளைகளும் பதின்மூன்று வயதை அடைந்த பெண்பிள்ளைகளும் தனித்தனியே மூன்று பவுண் செலுத்த வேண்டியவராயினர்.

மூன்று பவுண் என்பது 60 ஷிலிங். முதலாம் ஆண்டுக் கூலியை அளவுகோலாகக் கொண்டால் இது ஆறு மாத உழைப்புக்குச் சமம்; ஐந்தாம் ஆண்டுக் கூலியின்படியும் நான்கு மாத உழைப்புக்கு மேற்பட்டது. கணவன், மனைவி, வயது வந்த மகன், மகள் என நால்வர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 12 பவுண், அதாவது 240 ஷிலிங் செலுத்த வேண்டும். ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டில் ஒருவர் பன்னிரண்டு மாதமும் உழைத்துப் பெற்ற மொத்தக் கூலியோ 168 ஷிலிங்தான்.

இவ்வரியில் ஈண்டு நோக்கத்தக்க இயல்புகள் மூன்று. முதலாவது, அது வருமானத்தை அளந்து விதிக்கப்படவில்லை. உழைத்தவரும் நோயுற்றுக் கிடந்தவரும் ஒரே தொகையைச் செலுத்த வேண்டியிருந்தது. இரண்டாவது, அது எல்லோர்மீதும் விதிக்கப்படவில்லை. ஒப்பந்தக் கூலியாக வந்தவர், அவர்தம் வழியினர் என்ற பிறப்பும் நிலையுமே அதன் அடிப்படை. மூன்றாவது, அதன் நோக்கம் திறைசேரியை நிரப்புவதன்று. செலுத்த இயலாதவர் கப்பலேற வேண்டும், அல்லது மீண்டும் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தத்தில் இணைய வேண்டும். எனவே சட்டப் புத்தகத்தில் அது வரியென்று பெயர் பெற்றிருப்பினும், செயலளவில் ஆட்களைக் கட்டுப்படுத்தும் கருவியாகவே விளங்கியது.

இவ்வரிக்கு எதிரான கிளர்ச்சி 1913இல் உச்சத்தை அடைந்தது. 1912இல் தென்னாபிரிக்காவுக்கு வந்த கோபால கிருஷ்ண கோகலே, வரி நீக்கப்படும் என்ற நம்பிக்கையுடன் திரும்பினார். ஆயினும் அது நீக்கப்படவில்லை. 1913 ஒக்டோபரில் திரான்சுவாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடஞ் சென்று வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தனர். தம்பி நாயுடு முதலானோர் அதனை ஒழுங்கு செய்தனர். நவம்பர் 6இல் காந்தியின் தலைமையில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் நேட்டால் எல்லையைக் கடந்து நடந்தனர். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. சிறை சென்று நோயுற்று 1914 பெப்ரவரியில் உயிர்நீத்த இளம்பெண் வள்ளியம்மை இப்போராட்டத்தின் நினைவாக இன்றும் போற்றப்படுகின்றாள். சொலமன் ஆணைக்குழுவின் விசாரணையின் பின் 1914இல் நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண் வரியை ஒழித்தது.

அதே 1914இல் தென்னாபிரிக்க ஒன்றியம் முதன்முறையாக நாடு முழுவதற்குமான வருமான வரிச் சட்டத்தை இயற்றியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு கற்பித்தல் பொருந்தாது. எனினும் ஒரே ஆண்டில் ஒரு வரி மறைந்ததும் மற்றொன்று தோன்றியதும் இருவகை வரிகளின் வேறுபாட்டை நன்கு உணர்த்துகின்றன. ஒன்று நீ யார் என்று கேட்டது. மற்றையது உன் வருமானம் எவ்வளவு என்று கேட்டது.

செல்வரின் வரி தொழிலாளியின் வரியான வரலாறு

வருமான வரி தோன்றியபோது அது தொழிலாளியை நோக்கியதாக இருக்கவில்லை. பிரான்சுடனான போர்ச் செலவுக்காக 1799இல் இளைய பிற் அதனை அறிமுகஞ் செய்தார். ஆண்டுக்கு 60 பவுணுக்குக் குறைந்த வருமானத்துக்கு வரி இல்லை. 200 பவுணுக்கு மேற்பட்டவர் பத்திலொரு பங்கு செலுத்த வேண்டும். 1803இல் அடிங்ரன் இதனைத் திருத்தியமைத்தபோது, வருமானம் பிறக்கும் இடத்திலேயே வரியைக் கழித்துக்கொள்ளும் முறையைப் புகுத்தினார். 1816இல் ஒழிக்கப்பட்ட இவ்வரியை 1842இல் சேர் றொபேட் பீல் மீண்டுங் கொண்டுவந்தார். 150 பவுணுக்கு மேற்பட்ட வருமானத்துக்குப் பவுணுக்கு 7 பென்ஸ் வீதம் அது விதிக்கப்பட்டது. இக்காலம் முழுவதும் கூலித் தொழிலாளி வருமான வரியின் எல்லைக்கு வெளியிலேயே இருந்தார். அவர் செலுத்திய வரி தேயிலை, சீனி, புகையிலை ஆகியவற்றின் விலைக்குள் மறைந்திருந்தது.

இந்நிலையை இரு உலகப் போர்கள் மாற்றின. சிறப்பாக இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வரி செலுத்துவோரின் தொகை ஏறத்தாழ 40 இலட்சத்திலிருந்து 1 கோடி 20 இலட்சத்துக்கு மேல் உயர்ந்தது. 1941இல் வரியின் பொது வீதம் பவுணுக்கு 10 ஷிலிங் ஆயிற்று. 1940 முதல் தொழில்தருநர் சம்பளத்திலிருந்து வரியைக் கழித்து வந்தனராயினும், கழிக்கப்பட்ட தொகை முன்னைய காலத்து உழைப்பை அடிப்படையாகக் கொண்டது. மேலதிக நேர வேலை செய்து கூடிய சம்பளம் பெற்ற ஒருவர், அவ்வேலை நின்று சம்பளங் குறைந்த மாதங்களில் முன்னைய உயர்ந்த சம்பளத்துக்குரிய வரியைக் கட்ட வேண்டியவரானார். போர் முடிந்து சம்பளங்கள் வீழ்ந்தால் இலட்சக்கணக்கானோர் கடனாளிகளாவர் என்ற அச்சம் எழுந்தது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக வகுக்கப்பட்டதே உழைக்கும்போதே செலுத்தும் வரி முறையாகும். இதனை வகுத்தவருள் முதன்மையானவர் போல் சேம்பர்ஸ் என்னும் இறைவரி அதிகாரி. இவர் 1930களில் இந்திய வருமான வரி பற்றிய விசாரணைக் குழுவில் இடம்பெற்று, பின்னர் இந்திய அரசின் வருமான வரி ஆலோசகராகவும் கடமையாற்றியவர். நிதி அமைச்சர் சேர் கிங்ஸ்லி வுட் இத்திட்டம் அறிவிக்கப்படவிருந்த 1943 செப்டெம்பர் 21ஆம் நாளன்றே காலமானார். அவருக்குப்பின் நிதி அமைச்சரான சேர் ஜோன் அன்டர்சன் முன்னர் வங்காளத்தின் ஆளுநராக இருந்தவர். இவ்வாறாகக் குடியேற்ற நாட்டு நிர்வாக அனுபவம் பெற்ற இருவரின் கையால் உருப்பெற்ற முறை 1944 ஏப்பிரல் 6இல் நடைமுறைக்கு வந்தது.

இதன் உயிர்நாடி திரட்டுக் கணக்கு எனப்படும். வரியாண்டு ஏப்பிரல் 6இல் தொடங்குகின்றது. ஒவ்வொரு சம்பள நாளிலும் அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து அன்றுவரை பெற்ற மொத்தச் சம்பளம் கூட்டப்படும். அன்றுவரைக்கும் உரிய வரியற்ற நிவாரணத் தொகை அதிலிருந்து நீக்கப்படும். எஞ்சியதற்குரிய வரியில் ஏற்கெனவே கழிக்கப்பட்டது போக மீதியே அன்று கழிக்கப்படும். சம்பளம் குறைந்தால் வரியும் குறையும்; வேலை இழந்தால் முன்கட்டிய வரியில் ஒரு பகுதி மீளவுங் கிடைக்கும். தொழிலாளி படிவம் எழுதவோ வரிப்பணத்தைச் சேமித்து வைக்கவோ தேவையில்லை. இத்துணை எளிமை உள்நாட்டுத் தொழிலாளிக்குப் பெரும் வசதியாயிற்று. எனினும் இவ்வெளிமைக்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது. தொழிலாளியின் கடந்த காலம் அரசின் ஏடுகளில் ஏற்கெனவே பதிவாகியிருத்தல் வேண்டும் என்பதே அது.

கடந்த காலம் இல்லாதவர்

1948ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம் குடியேற்ற நாட்டவருக்கும் பொதுநலவாய நாட்டவருக்கும் பிரித்தானியாவில் நுழைந்து தொழில் புரியும் உரிமையை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு யூன் மாதம் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் மேற்கிந்தியத் தீவினர் வந்திறங்கினர். பின்னர் இந்தியரும் பாகிஸ்தானியரும் ஆலைகளுக்கும் வார்ப்பகங்களுக்கும் வந்தனர். இலங்கையிலிருந்து மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும் சென்றனர். 1962இல் நுழைவுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆயினும் ஏற்கெனவே சென்றோர் வரிக் கணக்கில் நிலைபெற்றுவிட்டனர்.

அவர்களைப் பிரித்தானிய வருமான வரிச் சட்டம் நிறம், மதம், குடியுரிமை என்பவற்றைக் கொண்டு வேறுபடுத்தவில்லை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். சட்டம் வினவியது வதிவிடத்தை மட்டுமே. தற்காலிக நோக்கத்துக்காக வந்து ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கிச் செல்பவரைத் தனியாகக் கருதும் வழக்கு 1842ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. அவ்வெல்லையைக் கடந்து வாழ்பவர் எந்நாட்டவராயினும் வதிவாளரே. நேட்டாலின் தலைவரியோடு ஒப்பிடுமிடத்து இதன் பெருமை விளங்கும்.

எனினும் நடைமுறையில் புதியவர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொண்டார். வேலை மாறும் தொழிலாளி முன்னைய தொழில்தருநரிடமிருந்து பி.45 என்னும் படிவத்தைப் பெற்றுப் புதியவரிடம் கையளிப்பார். அதில் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அவர் உழைத்ததும் கட்டிய வரியும் பதிவாகியிருக்கும். கடல் கடந்து வந்தவரிடம் அப்படிவம் இல்லை. அத்தகையவருக்கு அவசரக் குறியீடு என்ற ஒன்றைக் கொண்டு வரி கழிக்கப்படும். அது அவரது மெய்யான நிலையை அறியாத குறியீடு. திரட்டுக் கணக்கைக் கைவிட்டு ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியே நோக்கும் வகையிலும் அது வழங்கப்படுவதுண்டு. இவ்வமைப்பு இன்றும் நிலவுகின்றது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2021 முதல் பிரித்தானியாவில் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 12,570 பவுண். அடிப்படை வரி வீதம் இங்கிலாந்தில் நூற்றுக்கு 20. ஒக்டோபரில் வந்து வதிவாளராகி, மாதம் 2,000 பவுண் சம்பளத்தில் வரியாண்டின் எஞ்சிய ஆறு மாதம் உழைத்த ஒருவரின் அவ்வாண்டுச் சம்பளம் 12,000 பவுண். ஆண்டு முழுவதற்குமான நிவாரணம் அவருக்கு உரியதாதலால், அவர் அவ்வாண்டுக்குக் கட்ட வேண்டிய வருமான வரி எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் தனியே கணக்கிடப்படின் நிவாரணத்தில் பன்னிரண்டிலொரு பங்காகிய 1,047 பவுண் 50 பென்ஸ் மட்டுமே நீக்கப்படும். எஞ்சிய 952 பவுண் 50 பென்ஸுக்கு மாதந்தோறும் 190 பவுண் 50 பென்ஸ் கழிக்கப்படும். ஆறு மாதத்தில் இது 1,143 பவுண் ஆகின்றது. இத்தொகை முழுவதும் அவருக்குத் திரும்பி வரவேண்டியது.

இங்கு சட்டம் அவருக்கு அநீதி இழைக்கவில்லை; கணக்குச் சரிசெய்யப்படின் பணம் மீளும். ஆனால் கணக்குச் சரியாவதற்கு அவர் வேலையிற் சேரும்போது நிரப்பும் படிவத்தில் அவ்வரியாண்டின் முன்னைய தொழில் பற்றிய வினாவுக்குச் சரியாக விடையளிக்க வேண்டும்; பிழை நேர்ந்தால் அதனை அறிய வேண்டும்; நான்கு ஆண்டுக் கால எல்லைக்குள் கோரிக்கை விடுக்கவும் வேண்டும். கப்பற் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் கடன்பட்டு வந்தவருக்கு முதல் ஆறு மாதங்களே மிகவும் நெருக்கடியானவை. சட்டத்தின் முன் அனைவருஞ் சமமாயினும், அறிவின் முன் அனைவருஞ் சமமல்லர் என்பது இங்கு தெளிவாகின்றது. தொழிலாளியின் கையிலிருந்து கணக்கை எடுத்துத் தொழில்தருநரின் ஏட்டில் வைத்த அந்த எளிமையே, அக்கணக்கைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டது.

குடும்பம் எங்கே இருக்கின்றது?

அடுத்த வினா இதனினும் ஆழமானது. வருமான வரி ஒருவரின் வருமானத்தை மட்டுமன்றி அவரது சுமையையும் நோக்கும் என்பதே அதன் அறநெறி. 1909இல் லொயிட் ஜோர்ஜ், 500 பவுணுக்கு மேற்படாத வருமானம் உடையோருக்குப் பிள்ளை ஒன்றுக்குப் பத்துப் பவுண் நிவாரணத்தை அறிமுகஞ் செய்தபோது இந்நெறி சட்டமாயிற்று. மணமானவருக்கு உயர்ந்த நிவாரணமும் பின்னர் வழங்கப்பட்டது. மனைவி கணவனுடன் வாழ்பவராக, அல்லது முழுவதும் அவனால் பேணப்படுபவராக இருத்தல் போதுமானது. எனவே ஊரில் விட்டுவந்த மனைவிக்காகவும் பிள்ளைகளுக்காகவும் புலம்பெயர்ந்த தொழிலாளி நிவாரணங் கோர முடிந்தது. பிறப்புச் சான்றிதழ், மணப்பதிவு என்பவற்றை அனுப்பி நிரூபிக்க வேண்டியிருந்தபோதிலும், கடலுக்கப்பால் இருந்த குடும்பத்தை வரிக் கணக்கு ஏற்றுக்கொண்டது.

1975ஆம் ஆண்டின் பிள்ளை நலக்கொடுப்பனவுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. 1977 முதல் பிள்ளைகளுக்கான வரி நிவாரணம் படிப்படியாக நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் தாயின் கையிலேயே பணமாக வழங்கப்படும் கொடுப்பனவு ஏற்படுத்தப்பட்டது. உள்நாட்டுக் குடும்பங்களுக்கு, சிறப்பாக வரி கட்டுமளவுக்கு வருமானம் இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு, இது பெரும் நன்மை. ஆனால் இக்கொடுப்பனவு நாட்டுக்குள் வாழும் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. ஊரிலிருந்த பிள்ளையைப் பேணிய தந்தை பழைய நிவாரணத்தை இழந்தார். புதிய கொடுப்பனவையும் பெறவில்லை. முற்போக்கான ஒரு சீர்திருத்தம், எவரையும் பெயர் சொல்லி விலக்காமலேயே, ஒரு பிரிவினரை வெளியில் நிறுத்திவிட்டது.

கடல்கடந்த குடும்பங்கள் பற்றிய கோரிக்கைகளின் உண்மையை ஆராய்தல் கடினம் என்றும், ஒரு நாட்டின் நலக்கொடுப்பனவு அந்நாட்டிலேயே செலவிடப்படுதல் வேண்டும் என்றும் இதற்கு நியாயங் கூறலாம். இவ்வாதங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும் வரி நிவாரணமும் நலக்கொடுப்பனவும் ஒன்றல்ல. கொடுப்பனவு அரசு தருவது; நிவாரணமோ ஒருவரின் கட்டும் ஆற்றலை அளக்கும் முறை. ஊருக்குப் பணம் அனுப்புபவரின் ஆற்றல் அப்பணத்தின் அளவுக்குக் குறைந்தே இருக்கின்றது. அதனைக் கணக்கிலெடாதபோது வருமான வரி தன் சொந்த நெறியிலிருந்தே விலகுகின்றது.

இதற்கு மாறான ஒரு சலுகையையும் நோக்குதல் தகும். நிரந்தர வதிவிடம் வேறு நாட்டில் இருப்பதாகக் கருதப்பட்டோர், பிரித்தானியாவில் வாழ்ந்தாலும், தம் வெளிநாட்டு வருமானத்தைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவராத வரையில் அதற்கு வரி கட்டத் தேவையில்லை என்ற முறை நெடுங்காலம் நிலவியது. 2025 ஏப்பிரல் 6இலேயே அது ஒழிக்கப்பட்டது. நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்ந்து புதிதாக வருவோருக்கு முதல் நான்கு ஆண்டு வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்களிக்கும் முறை அதன் இடத்தைப் பெற்றது. வெளிநாட்டிற் சொத்துடையவருக்கு இச்சலுகைகள் பெரும்பேறு. உழைப்பன்றி வேறு சொத்தில்லாத தொழிலாளிக்கு இவற்றாற் பயனேதும் இல்லை. ஊரிலிருந்து வரக்கூடிய பணத்தைப் பற்றிச் சிந்தித்த சட்டம், ஊருக்குச் செல்லும் பணத்தைப் பற்றி அவ்வளவு சிந்திக்கவில்லை.

இரு நாடுகளுக்கிடையில்

புலம்பெயர்ந்தவரை இரு நாடுகள் ஒரே வேளையில் உரிமை கோருவதும் உண்டு. முதல் உலகப் போரின் பின் வரிகள் உயர்ந்தபோது இது பெருஞ் சிக்கலாயிற்று. சர்வதேச சங்கம் நியமித்த நான்கு பொருளியலறிஞர்களாகிய புறூயின்ஸ், ஐனாவுடி, செலிக்மன், ஸ்ராம்ப் ஆகியோர் 1923இல் அளித்த அறிக்கையில், ஒருவரின் பொருளாதாரப் பற்று எந்நாட்டுடன் பிணைந்துள்ளது என்பதே வரி உரிமையைத் தீர்மானிக்க வேண்டும் என்று கருதினர். அரசியற் குடியுரிமையினும் பொருளாதார வாழ்வே முதன்மை பெற்றது. இச்சிந்தனையின் வழியில் பின்னர் இரட்டை வரி உடன்பாடுகள் பெருகின. உழைப்பு எங்கு நிகழ்கின்றதோ அங்கு வரி. குறுகிய காலம் சென்று திரும்புவோருக்கு 183 நாள் எல்லை. ஒரு நாட்டிற் கட்டிய வரிக்கு மறுநாட்டிற் கழிவு என்பன இவற்றின் பொதுவான விதிகள். இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில் 1979இல் இத்தகைய உடன்பாடு ஒன்று செய்யப்பட்டது. 1932இல் வருமான வரியை ஏற்ற இலங்கையும் தன் 2017ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் அதே 183 நாள் அளவுகோலைக் கைக்கொண்டுள்ளது.

வரி இல்லாமை எப்பொழுதும் பேறன்று என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிடல் வேண்டும். குவைத்து, கட்டார் முதலிய வளைகுடா நாடுகளுக்குச் சென்ற இலங்கைத் தொழிலாளர் தம் சம்பளத்துக்கு வருமான வரி கட்டுவதில்லை. எனினும் அங்கு அவர்கள் நிரந்தர வாழ்வுரிமை பெற்றவருமல்லர். நேட்டால் அவர்களை வெளியேற்றுவதற்காக வரி கேட்டது; வளைகுடாவோ அவர்களை உறுப்பினராக்கும் எண்ணம் இன்மையால் வரியே கேட்கவில்லை. பிரித்தானியாவில் வதியும் இலங்கையர் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் வாக்குரிமை பெறுகின்றனர். இது வரிக்கு ஈடான பெரும் உரிமை. அங்கேயும், தற்காலிக நுழைவனுமதியில் உள்ளோர் பலர் மீது பொது நிதியை நாடலாகாது என்ற நிபந்தனை உண்டு. வரியை முழுமையாகக் கட்டும் அவர்கள் பிள்ளை நலக்கொடுப்பனவு போன்றவற்றைப் பெற இயலாது.

முடிவுரை

மூன்று பவுண் வரியைக் கட்ட மறுத்து நியூகாசிலிலிருந்து நடந்த தொழிலாளர் வரியின் சுமையை மட்டும் எதிர்க்கவில்லை. தாம் கணக்கிடப்பட்ட முறையையும் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பின் உட்பொருள் இதுவே: எம்மை அளப்பதாயின் எம் உழைப்பைக் கொண்டு அளக்க வேண்டும், எம் பிறப்பைக் கொண்டன்று. வருமான வரி அக்கோரிக்கையின் பெரும்பகுதியை நிறைவேற்றியுள்ளது. வேற்று நாட்டிற் புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவர் தம் சம்பளச் சீட்டிற் காணும் கழிவு, அந்நாடு தம்மைத் தன் வதிவாளருள் ஒருவராக ஏற்றதற்கான முதற் சான்று எனவுங் கொள்ளத்தக்கது.

ஆயினும் சான்று கிடைத்தால் மட்டும் போதாது. அதனை வாசிக்கவுந் தெரிதல் வேண்டும். நிவாரணம் எவ்வளவு, குறியீடு யாது, வரியாண்டு எங்கு தொடங்குகின்றது, மிகையாகக் கழிக்கப்பட்டது எவ்வாறு மீளும் என்பவற்றை அறிந்த தொழிலாளி வரி கட்டுபவராக மட்டுமன்றிக் கணக்குக் கேட்பவராகவும் ஆகின்றார். ஊரில் உள்ள குடும்பம் அக்கணக்கில் இடம்பெறாதது ஏன் என்ற வினாவையும் அவரே எழுப்ப வல்லவர். அவ்வினாவுக்கு வரிச் சட்டங்கள் இன்னும் நிறைவான விடை தரவில்லை.